குடிநீர், கழிவுநீர் நிலைய ஆபரேட்டர் ஆவது எப்படி? படிப்பு, சான்றிதழ், உரிமம்: ஒரு வழிகாட்டி

மதகடிப்பட்டு என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு மதகு இருக்கிறது. ஏரித் தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஓர் ஆள் இருந்த காலம் உண்டு. இன்று அந்த வேலையைச் செய்பவர் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, குளோரின் கலந்து, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடும் ஆபரேட்டர். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என எந்தக் கொம்யூனை எடுத்துக்கொண்டாலும் காலையில் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் அவர் கையைத் தாண்டித்தான் வருகிறது.

அந்தக் கை தவறினால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலமே அண்மையில் பார்த்திருக்கிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயு, பள்ளி மாணவி ஒருவர் உட்பட மூன்று பேரின் உயிரைப் பறித்தது. ஒன்று குடிநீர்க் குழாய், மற்றொன்று கழிவுநீர்க் குழாய். இரண்டையும் தினமும் கவனிக்கத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் தேவை என்பதைத்தான் இரண்டு நிகழ்வுகளும் சொல்கின்றன.

"எஸ்.டி.பி. ஆபரேட்டர் வேலை இருக்கிறதாம், வளைகுடாவிலும் கேட்கிறார்களாம். அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? எங்கே எடுப்பது?" என்று பிள்ளைகளும் பெற்றோர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே ஒழுங்காகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலில் நேரடியான பதில்

நீராவி பாய்லரை இயக்க வேண்டுமானால் நம் நாட்டில் தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும். மின்கம்பி வேலைக்கும் உரிமமும் தகுதிச் சான்றும் சட்டப்படி தேவை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் குடிக்கும் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புபவருக்கு, நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாய உரிமத் தேர்வு இந்தியாவில் இல்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டருக்கும் இதே நிலைதான்.

ஆகவே, "அரசாங்க வாட்டர் ஆபரேட்டர் லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு அப்படி ஓர் உரிமம் இங்கே இல்லை. இங்கே இருப்பவை மூன்று: ஐ.டி.ஐ. சான்றிதழ், அரசு அங்கீகாரம் பெற்ற திறன் பயிற்சிச் சான்றிதழ், எழுத்தில் நிரூபிக்கக்கூடிய அனுபவம். இந்த மூன்றையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு உள்ளூரிலும் வேலை கிடைக்கும். உரிமம் கட்டாயமாக உள்ள நாடுகளுக்குப் போகும்போதும் அதுவே அடிப்படையாக உதவும்.

வேலை என்ன?

பெயர் ஒன்றாக இருந்தாலும் இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு.

குடிநீர்ப் பக்கம்: ஆழ்துளைக் கிணறு, மோட்டார், ஸ்டார்ட்டர் பேனல், மேல்நிலைத் தொட்டி, குளோரின் கலக்கும் கருவி, வால்வுகள், குழாய்கள். பெரிய நிலையமாக இருந்தால் வடிகட்டிகளும் ஆர்.ஓ. இயந்திரங்களும் சேரும். புதுச்சேரியில் குடிநீர் வழங்கலைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் பொது சுகாதாரக் கோட்டம் பார்க்கிறது. தமிழ்நாட்டில் கிராமங்களில் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி இயக்குபவரும், கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் பார்க்கிறார்கள்.

கழிவுநீர்ப் பக்கம்: கழிவுநீரைச் சுத்தம் செய்யும் எஸ்.டி.பி., ஆலைக் கழிவைச் சுத்தம் செய்யும் இ.டி.பி. லாஸ்பேட்டை, துப்புராயப்பேட்டை, கனகன் ஏரி ஆகிய இடங்களில் புதுச்சேரி நகரத்துக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. இவை தவிர, மருத்துவமனைகள், கல்லூரி விடுதிகள், பெரிய ஓட்டல்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், தொழிற்சாலைகள் தங்கள் வளாகத்திலேயே சிறிய நிலையங்களை நடத்துகின்றன. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின்படி இவர்கள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் ஒப்புதல் பெற்று, வெளியேறும் நீர் வரம்புக்குள் இருப்பதைக் காட்ட வேண்டும். மதகடிப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம் பக்கம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தொழிற்பேட்டைகளும் இருப்பதால், நகரத்துக்குப் போகாமலே இந்த வேலையைத் தேட முடியும்.

பெரும்பாலான தனியார் வேலைகளை அந்த வளாகம் நேரடியாகத் தருவதில்லை. நிலையத்தை நடத்தும் ஒப்பந்த நிறுவனம்தான் ஆள் எடுக்கும். ஷிப்ட் முறையில் வேலை. சேரும்போதே இ.பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று கேட்டு, பணி நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்வது முக்கியம். பின்னாளில் அனுபவத்தை நிரூபிக்க இவையே ஆவணங்கள்.

படிப்பு வழிகள்

1. ஐ.டி.ஐ. — பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இதுவே உறுதியான வழி. எலெக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டுப் படிப்பு. பிளம்பர், பம்ப் ஆபரேட்டர் மெக்கானிக் ஆகியவை ஓராண்டுப் படிப்புகள். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவுகளும் இருக்காது. மேட்டுப்பாளையம் அரசு ஐ.டி.ஐ.யிலோ உங்களுக்கு அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யிலோ நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் (என்.டி.சி.) நாடு முழுவதும் செல்லும். எதை எடுப்பது என்று குழம்பினால் எலெக்ட்ரீஷியன் நல்ல தேர்வு. நிலையத்தில் மோட்டாரும் பேனலும்தான் அதிகம் பழுதாகும். அதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

2. அப்ரண்டிஸ் பயிற்சி — 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். முடித்து, தேர்விலும் தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் (என்.ஏ.சி.) கிடைக்கும். ஐ.டி.ஐ.க்குப் பின் இந்த ஓராண்டை வீண் என்று நினைத்துத் தவிர்க்க வேண்டாம்.

3. குறுகிய காலத் திறன் பயிற்சி — தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் பசுமைப் பணிகளுக்கான திறன் கவுன்சில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய டெக்னீஷியன், உதவியாளர் ஆகிய பணிகளுக்குப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. பிளம்பிங், நீர் மேலாண்மைப் பணிகளுக்குத் தனித் திறன் கவுன்சில் உண்டு. மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சான்றிதழில் எந்தத் திறன் கவுன்சிலின் பெயர் இருக்கும்? அது எந்த நிலை? ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் அந்த மையமும் பாடமும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. முன் அனுபவ அங்கீகாரம் — ஆர்.பி.எல். என்று சொல்வார்கள். பத்து வருடமாக மோட்டார் போட்டுவருகிறார், படிப்புச் சான்று எதுவும் இல்லை என்பவருக்கு இது பொருந்தும். சிறு அறிமுகப் பயிற்சிக்குப் பின் மதிப்பீடு செய்து சான்றிதழ் தருவார்கள். நடுத்தர வயதினருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

5. டிப்ளமோ, பட்டம் — சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் டிப்ளமோ அல்லது வேதியியல் பட்டம் முடித்தவர்கள் நிலைய மேற்பார்வையாளராகவோ ஆய்வகப் பணியாளராகவோ சேரலாம். ஆபரேட்டராகத் தொடங்கியவர் பிறகு டிப்ளமோ முடித்து மேலே செல்வதும் உண்டு.

6. ஜல் ஜீவன் மிஷன் — 2019 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில் எல்லாக் கிராமப்புற வீடுகளுக்கும் குழாய் இணைப்பு தந்ததாக 2021-இல் புதுச்சேரி அறிவிக்கப்பட்டது. கோவா, தெலங்கானா, அந்தமான் நிகோபாருக்கு அடுத்து நான்காவது இடம் அது. குழாய் போட்டாயிற்று, இனி அதைப் பழுதில்லாமல் ஓட்டுவதுதான் வேலை. கிராமத்திலேயே குழாய், மோட்டார், மின் பழுதுகளைப் பார்க்கும் ஆட்களை உருவாக்க 'நல் ஜல் மித்ரா' என்ற பயிற்சியும், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டி மூலம் தண்ணீரைச் சோதிக்கும் பயிற்சியும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்களுக்குத் தண்ணீர் ஆய்வகப் பணி நல்ல வாய்ப்பு.

ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

சான்றிதழ் எந்த வழியில் வந்தாலும், நேர்முகத்தில் கேட்கப்படுவதும் அன்றாடம் தேவைப்படுவதும் சில அடிப்படைகள்தான்.

குளோரின் கணக்கு. தொட்டி 1,00,000 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் சேர்க்க வேண்டும். மொத்தத் தேவை 2,00,000 மி.கி., அதாவது 200 கிராம். பிளீச்சிங் பவுடர் முழுவதும் குளோரின் கிடையாது; புதியதில் சுமார் 33 சதவீதம் இருக்கும். எனவே 200-ஐ 0.33-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 600 கிராம் பவுடர் தேவை. மூட்டை பழசாகி 20 சதவீதமாகக் குறைந்திருந்தால் அதே தொட்டிக்கு 1 கிலோ தேவை. "எப்போதும் போடுகிற அளவுதான் போட்டேன்" என்ற பதில் ஏன் செல்லாது என்பது இதில் விளங்கும். பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் சேர்த்து, குறைந்தது 30 நிமிடம் விட்டபிறகே திறக்க வேண்டும்.

மீதக் குளோரின். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012) படி, வீட்டுக்கு வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மீதம் இருக்க வேண்டும். இதைத் தொட்டிக்கடியில் சோதித்தால் போதாது. தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் சோதிக்க வேண்டும். நேற்று 0.5 இருந்த குழாயில் இன்று பூஜ்யம் என்றால், ஒன்று மருந்து சேரவில்லை, அல்லது வழியில் எங்கோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது. நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இதுதான்.

மற்ற அளவுகள். பி.எச். 6.5 முதல் 8.5 வரை, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. நைட்ரேட் 45 மி.கி.க்கு மேல் கூடாது, 100 மி.லி. நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடலோரத்தை ஒட்டிய பாகூர் பகுதியில் உப்பு அளவைத் தொடர்ந்து பார்த்து எழுதுவது மிக அவசியம்.

மோட்டார் கணக்கு. மணிக்கு 25,000 லிட்டர் தள்ளும் மோட்டார் ஒரு லட்சம் லிட்டர் தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும். அது 5 மணி நேரம் ஆகிறது என்றால் கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கும், அல்லது குழாயில் கசிவு, அல்லது பம்ப் தேய்ந்திருக்கும். தினமும் நேரத்தைக் குறித்து வைப்பவருக்கு மட்டுமே இது தெரியவரும்.

எஸ்.டி.பி. அடிப்படை. கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று கொடுப்பது புளோயர். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்தப் புளோயரை நிறுத்தி வைத்தால் நுண்ணுயிர்கள் செத்து, துர்நாற்றம் வரும். ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் அந்த நீரை 30 நிமிடம் அசையாமல் வைத்து, எவ்வளவு சேறு படிகிறது என்று பார்ப்பது ஆபரேட்டரின் அன்றாடச் சோதனை. சேறு படியாமல் மிதந்தால் எங்கோ கோளாறு. வெளியேறும் நீரின் பி.ஓ.டி. அளவை ஆய்வகத்தில் சோதித்துப் பதிவேட்டில் வைக்க வேண்டும்.

உயிர் பாதுகாப்பு: இதில் சமரசம் கிடையாது

சாக்கடை, செப்டிக் டேங்க், பம்ப் ஹவுஸ் கிணறு ஆகியவற்றில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று இறங்கியவர்களும், அவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் இறந்துபோவது இதனால்தான்.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணி தடைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆபரேட்டராகச் சேரும் பிள்ளையிடம் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், கயிறு கட்டிய பாதுகாப்புப் பட்டை, மேலே காவலுக்கு ஆள் இவை இல்லாமல் எந்தக் குழிக்குள்ளும் இறங்காதே, மேலாளர் சொன்னாலும் இறங்காதே. மறுப்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது.

இது பள்ளிவாசல், மதரஸா நிர்வாகங்களுக்கும் பொருந்தும். பள்ளிவாசல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் சட்டப்படி பொறுப்பு நிர்வாகத்துக்கும் வரும். உறிஞ்சும் லாரியை மட்டும் அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2022-இல் சட்டத் திருத்தம் வந்தது. லாரியை அழைக்கும்போது உரிமம் உள்ளதா என்று கேட்பது நிர்வாகத்தின் கடமை. உளூச் செய்யும் தொட்டியையும் குடிநீர்த் தொட்டியையும் கழுவிய தேதியைப் பலகையில் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

உரிமம் கட்டாயமான நாடுகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஆபரேட்டர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. கனடாவில் நம் தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் முறை தெளிவாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான படிப்பு வேண்டும். முதலில் 'பயிற்சி ஆபரேட்டர்' தேர்வு. 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பிறகு ஓராண்டு அனுபவத்துடன் முதல் வகுப்பு. அதற்கு மேல் அனுபவம், படிப்பு, தேர்வு மூலம் நான்காம் வகுப்பு வரை. சான்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குள் குறிப்பிட்ட மணிநேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 2000 மே மாதம் ஒன்டாரியோவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் கனமழை பெய்தபோது, அருகிலிருந்த பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த கிருமி ஊர்க் கிணற்றில் கலந்தது. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். குடிநீர் நிலையத்தை நடத்திய சகோதரர்கள் இருவர் மீதக் குளோரினை ஒழுங்காக அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதிவந்தது விசாரணையில் வெளிப்பட்டது. கவனிக்க வேண்டியது: அவர்களிடம் உரிமம் இருந்தது. நீண்ட காலம் வேலையில் இருந்ததற்காகத் தேர்வில்லாமல் கொடுக்கப்பட்ட உரிமம் அது. 2002-இல் விசாரணை அறிக்கை வந்தபின் மாகாணம் பாதுகாப்பான குடிநீருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தர 2004-இல் அதே ஊரில் ஒரு மையமும் தொடங்கப்பட்டது.

காகிதம் மட்டும் ஊரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தைக்கு வரும் மாடுகளையும் நம் ஊர்க் கிணறுகளையும் நினைத்துப் பார்த்தால், அந்தச் சம்பவம் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை என்பதும் புரியும்.

வளைகுடா நாடுகள்

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் கழிவுநீர் மறுசுழற்சி நிலையங்களும் அங்கே ஏராளம். குவைத்தின் சுலைபியா நிலையம் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும் உலகின் பெரிய நிலையங்களில் ஒன்று. அங்கே நிறுவனங்கள் கேட்பது ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோவுடன் சில வருட நிலைய அனுபவம். சென்னையில் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்களிலும், ஆலைகளின் ஆர்.ஓ. பிரிவுகளிலும் பெறும் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. சவுதி அரேபியா பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்குத் திறன் சரிபார்ப்புத் தேர்வை இந்தியாவிலேயே நடத்துகிறது.

கழிவுநீர் வேலை என்றால் நம்மில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சுத்திகரித்த நீர் மார்க்க ரீதியில் தூய்மையானதா என்ற கேள்வியும் எழும். சவுதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978-லேயே இதை ஆராய்ந்து, நிறம், சுவை, வாசனை மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளம் நீங்கும்வரை முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீர் உளூவுக்கும் ஆகும், உடல்நலக் கேடு இல்லாவிட்டால் குடிக்கவும் ஆகும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தூய்மையை உருவாக்குபவர் ஆபரேட்டர்தான்.

வெளிநாடு செல்வோர் இரண்டு விஷயங்களில் உஷார். இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமே செல்லுங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு வாங்க அவருக்கு அனுமதி இல்லை. கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். விசாவில் 'கிளீனர்', வாய்மொழியில் 'ஆபரேட்டர்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விசாவில் உள்ள தொழில்தான் அங்கே உங்கள் தொழில்.

இன்றே தொடங்கக்கூடியவை

- தனி நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்து, வேலை செய்த நிலையத்தின் பெயர், கொள்ளளவு, இயக்கிய இயந்திரங்கள், தேதி ஆகியவற்றை எழுதிவாருங்கள்.
- ஒவ்வொரு வேலையை விடும்போதும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று வாங்குங்கள். "எஸ்.டி.பி. ஆபரேட்டர்" என்று பதவி தெளிவாக இருக்க வேண்டும்.
- சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். கணக்கு விவரங்களைப் பத்திரப்படுத்துங்கள்.
- விகிதம், சதவீதம், கொள்ளளவுக் கணக்குகளைப் பயிற்சி செய்யுங்கள். எந்த நாட்டுத் தேர்விலும் பலர் தவறவிடுவது இந்தக் கணக்குப் பகுதியைத்தான்.
- கருவி காட்டிய எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதுங்கள். அளக்கவில்லை என்றால் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள்.

புதுச்சேரி பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் மேம்பாட்டுக் கழகத்தில் கல்வி, சுயதொழில் கடன் திட்டங்கள் பற்றி விசாரிக்கலாம். ஊர் ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு முறை ஐ.டி.ஐ. சேர்க்கை வழிகாட்டல் கூட்டம் நடத்தினால், பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளுக்கு அது பேருதவியாக இருக்கும்.

உரிமம் கட்டாயமாகும் காலம் நம் நாட்டிலும் வரலாம். அதுவரை ஆபரேட்டரின் தகுதியை அவருடைய பதிவேட்டில்தான் பார்க்க முடியும். கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் இன்று குளோரின் எவ்வளவு என்று கேட்டால், பதிவேட்டைத் திறந்து பதில் சொல்லக்கூடியவராக நம் பிள்ளைகள் இருக்கட்டும்.